வகுப்பில் விவாதம் எங்கே தடைபடுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். பாடம் நடத்துவதை விட, நாற்பத்தைந்து பிள்ளைகளைப் பேச வைப்பதும், பேசியவரை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்க வைப்பதும்தான் எனக்குக் கடினமாக இருந்தன. பல தவறுகளைச் செய்து, ஒவ்வொன்றாகத் திருத்தியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இதை வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இந்த வகுப்பில் வாய் திறந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு பிள்ளைக்குக் கேலி, இன்னொரு பிள்ளைக்குத் தன் தெரு வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம், மற்றொரு பிள்ளைக்குத் தப்பான பதில் சொன்னவள் என்ற பெயர். எல்லாரும் ஒரே விலை கொடுத்துப் பேசுவதில்லை. அதிக விலை கொடுக்கிறவருக்கு அதைக் குறைத்துக் கொடுப்பதே வகுப்பு விதியின் வேலை. கீழே உள்ள எல்லாத் திருத்தங்களும் அந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன.

கேள்வி கேட்டால் வகுப்பே வாயடைத்துப்போகிறது

பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கேட்கிறார், அல்லது தாமே சொல்லிவிடுகிறார். மூன்று நொடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் ஒரு இடைவெளி உண்டு. அங்கும் பொறுத்தால் அவரே காரணத்தைத் தொடர்ந்து சொல்வார்.

நான் அப்படி அவசரப்படுகிறவள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கைப்பேசியை மேசையில் வைத்து என் வகுப்பையே பதிவு செய்தேன். “1942இல் பர்மாவிலிருந்து அத்தனை பேர் ஏன் நடந்தே திரும்பினார்கள்?” என்று கேட்கிறேன். அடுத்து ஒலிக்கும் குரலும் என்னுடையதே: “ம், சொல்லுங்கள்.” அதற்கு அடுத்ததும் என்னுடையதே: “ஜப்பான் படை வந்ததால்தானே?” பிள்ளைகளுக்கு நான் இடமே விடவில்லை.

சரிசெய்யும் விதம் இது. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் ரஃப் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பேசட்டும். அதன் பிறகே வகுப்பைக் கேளுங்கள். யோசி, பக்கத்தில் பேசு, எல்லாருக்கும் சொல் என்ற இந்த முறையை ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிவைத்தார். இதில் நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: “நீ என்ன எழுதினாய்?” என்று கேட்பதில்லை, “உன் பக்கத்தில் இருப்பவர் எழுதியதில் உனக்குப் பிடித்தது எது?” என்று கேட்கிறேன். அடுத்தவர் கருத்தை எடுத்துச் சொல்வதில் கூச்சம் பாதியாகக் குறைகிறது. எழுதியவர் முகத்திலோ ஒரு வெளிச்சம் வருகிறது.

எழுதச் சொல்லியும் தாள் வெறுமையாக இருந்தால் பழுது கேள்வியில் இருக்கிறது. புத்தகத்தின் ஒரு வரியில் விடை கிடைக்கிற கேள்வியை விவாதிக்க முடியாது.

நான்கு பேர் மட்டுமே பேசுகிறார்கள்

நினைவை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் அவர் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரம் போதும். எனக்கு முதல் வாரம் கிடைத்த தாளில் மூன்று இடங்களில் எறும்புப் புற்றுப் போலப் புள்ளிகள் குவிந்திருந்தன. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

இதற்குப் புளியங்கொட்டை வைத்தேன். ஆளுக்கு மூன்று. பேசும்போது ஒன்றை மேசையில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தால் கேட்கும் முறை. முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள், ஒன்றும் தோன்றாவிட்டாலும் கொட்டையைத் தீர்த்துவிட வேண்டுமென்று சிலர் எதையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அதிகம் பேசுகிற பையனோ பக்கத்தில் இருந்தவனிடம் இரண்டு கொட்டை கடன் வாங்கிவிட்டான். கொடுக்கல் வாங்கல் ஊரில் பிறந்த பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

திருத்தம் இரண்டு. முதலாவது, கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வகுப்பை முடித்தாலும் தவறில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது, “அவர் சொன்னதோடு சேர்த்து” என்றோ “அவர் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்” என்றோ தொடங்கிப் பேசினால் கொட்டை வைக்க வேண்டாம். இதற்குப் பிறகுதான் பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் கொட்டைகளைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டேன். ஊன்றுகோலை நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது.

அதிகம் பேசுகிற நால்வரை அடக்கிவிடாதீர்கள். தனியே அழைத்து, “நீ பேசுவது எனக்குத் தேவை. இன்னும் இருவர் பேசிய பிறகு நீ வா” என்று சொன்னாலே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பேசுகிறவர்கள் எல்லாரும் வகுப்பின் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்

புள்ளித்தாளை இன்னொரு முறை பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளத்தூர், புதுவயல், கல்லல், குன்றக்குடி எனப் பல ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். பஸ்ஸில் சேர்ந்து வருகிறவர்கள் பெஞ்சிலும் சேர்ந்து உட்காருகிறார்கள். பார்த்தால் நட்பு, நட்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே பஸ் நிறுத்தம் என்பது பல ஊர்களில் ஒரே தெரு. ஒரே தெரு என்பது என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். நாம் உட்கார வைக்காமலேயே சாதி வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறது.

நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூன் மாதம் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. கயிறு கண்ணுக்குத் தெரியும். பெஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைக் குலைக்கும் பொறுப்பு வகுப்பாசிரியருடையது.

மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். பெயரின் அகர வரிசையிலோ சீட்டுக் குலுக்கியோ செய்யுங்கள். காரணத்தை விளக்கிப் பேச வேண்டாம். “இந்த மாதம் இந்த இடம்” என்பது போதும். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, “எங்கள் பிள்ளையைப் பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள், டீச்சர்” என்று கேட்கலாம். எனக்கு அது நடந்திருக்கிறது. “எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே முறைதான், ஐயா” என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

கேள்வி காரமானால் ஒருவர் காயப்படுகிறார். காயம் வேண்டாமென்றால் பாடம் சப்பென்று ஆகிவிடுகிறது

மேலே உள்ளவை எல்லாம் சில வாரங்களில் சரியாகிவிடும். இதைச் சரிசெய்ய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பர்மா பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்து அந்த நாட்டுக்காரர்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதுதானே டீச்சர்?” என்றான். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த நகரத்தார் வீட்டுப் பெண் (அவன் சொன்ன செட்டியார்கள் நகரத்தார்தான்) முகம் சிவந்து, “எங்கள் ஐயாவின் அப்பச்சி யாரையும் ஏமாற்றவில்லை” என்றாள். நான் பதறிப்போய், “சரி சரி, யாரையும் குறை சொல்ல வேண்டாம், அடுத்த பக்கம் போவோம்” என்றேன். அமைதி திரும்பியது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பையனும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் பேசவில்லை. ஒரு நல்ல கேள்வியையும் ஒரு நேர்மையான வருத்தத்தையும் நான் ஒரே வாக்கியத்தில் கொன்றிருந்தேன்.

மறு ஆண்டு அதே பாடத்தை வேறு விதமாகத் தொடங்கினேன். கரும்பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதினேன். கீழ்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. “எட்டு ஆண்டில் 6 எப்படி 25 ஆனது? ஆளுக்கு மூன்று காரணம் எழுதுங்கள்.” பிடுங்கினார்கள் என்று சிலர் எழுதினார்கள். விலைக்கு வாங்கினார்கள் என்று சிலர். பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததைச் சொன்னேன். கடன் வாங்கிய உழவரால் கட்ட முடியவில்லை. அடகு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கொடுத்தவருக்கு வேண்டியிருந்தது பணம், கிடைத்தது மண். 1948இல் பர்மா விடுதலை அடைந்த பிறகு அந்த நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இப்போது கேட்டேன்: “சட்டப்படி நடந்த ஒன்று நியாயமாகவும் இருக்க வேண்டுமா? உழவர் இடத்திலிருந்து ஒரு வரி, கடன் கொடுத்தவர் இடத்திலிருந்து ஒரு வரி எழுதுங்கள்.”

கேள்வியின் காரம் குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் யாருடைய ஐயாவும் கூண்டில் ஏறவில்லை. அந்த வகுப்பிலும் நகரத்தார் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். உழவர் இடத்து வரியை அவன்தான் எல்லாரையும் விடக் கூர்மையாக எழுதியிருந்தான்: “என் நிலத்தில் நானே கூலி.”

இங்கிருந்து இரண்டு விதிகள் கிடைத்தன. ஆளை விட்டுவிட்டு வாதத்தைப் பிடி என்பது ஒன்று. எந்தப் பிள்ளையையும் அவர் குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ சாட்சியாக நிறுத்தாதே என்பது இன்னொன்று. இரண்டாவது விதி பெரும்பாலும் ஆசிரியருக்கானது. “நீ சொல்லம்மா, உங்கள் வீடுகளில் எப்படி?” என்று அன்போடு கேட்பதும் சாட்சிக் கூண்டுதான்.

பிள்ளை தானாகவே தன் வீட்டைப் பற்றிச் சொன்னால் என்ன செய்வது? கைவிட்டுப்போகும் பெரிய வீடுகளை யார் செலவில் காப்பது என்று ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று பலகை நிறைந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு பெண், “என் அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் இருபது வருடம் வேலை செய்தார்கள். பின்கட்டு மட்டும்தான் தெரியும். முகப்பைப் பார்த்ததே இல்லை என்று சொல்வார்கள்” என்றாள்.

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு ஒரு தெருவில், அடுப்படிக் கதவு மறு தெருவில். அன்று என் வகுப்பில் இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. எனக்கு உடனே ஆறுதல் சொல்லத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நொடி பொறுத்தேன். மூன்றாவது நொடியில் ஒரு பையன் கேட்டான்: “உங்கள் அப்பத்தா பின்கட்டில் என்னென்ன பார்த்தார்களாம்?” அவள் சொல்லச் சொல்லப் பலகையில் இன்னொரு பத்தி வளர்ந்தது: கிணற்றடி, வரிசையாக ஆட்டுக்கல்லும் உரலும், ஆள் உயர ஊறுகாய்ச் சாடி, கல்யாணத்துக்கு எடுக்கும் வெண்கலப் பாத்திரங்கள், வேலைக்காரர்கள் சாப்பிட உட்காரும் இடம். வகுப்பு முடியும் முன் வேறொருத்தி எழுப்பிய கேள்வி இது: “வீட்டைக் காப்பதென்றால், எந்தப் பத்தியில் இருப்பதைக் காப்பது?”

நான் ஆறுதல் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. அனுபவத்தைச் சொன்ன பிள்ளைக்கு இரக்கத்தை விட, அடுத்த நல்ல கேள்விதான் மரியாதை.

விவாதம் பட்டிமன்றமாகிவிடுகிறது

எங்கள் ஊருக்கே உரிய பழுது இது. சா.கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் ஊர். குன்றக்குடி அடிகளார் நடுவராக வீற்றிருந்த பட்டிமன்றங்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அந்தச் சொத்தில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் விவாதம் என்றாலே இரண்டு அணி, ஒரு நடுவர், கைதட்டல், தீர்ப்பு என்று எங்கள் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கிறது. அணியில் நின்றவர் மனம் மாற முடியாது, மாறினால் தோல்வி.

முதலில் நடுவர் நாற்காலியிலிருந்து நீங்கள் இறங்குங்கள். “யார் சொன்னது சரி, டீச்சர்?” என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். பாதி நேரத்தில் பக்கத்தை மாற்றுங்கள்: வேண்டும் என்றவர்கள் வேண்டாம் என்பதற்கும், வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்பதற்கும் வாதாடட்டும். மறுத்துப் பேசும் முன், எதிர்ப்பக்கம் சொன்னதில் வலுவானதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். கைதட்டல் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஒரு வாக்கியத்தை நிரப்பட்டும்: “என் கருத்து மாறியது / மாறவில்லை, காரணம்…” மாறியது என்று எழுதியவரை ஒரு வாரம் பெயர் சொல்லிப் பாராட்டினேன். பிறகு பாராட்டே தேவைப்படவில்லை.

பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. சமய வாதிகளை அங்கே ஏறி வாதிட அழைக்கும் அதே அறிவிப்பு, பகைவரோடுகூடச் சினமும் சண்டையும் செய்யாமல் விலகுங்கள் என்றும் சொல்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, விதி என்பது டீச்சர் கண்டுபிடித்த தொந்தரவு என்ற எண்ணம் கொஞ்சம் போனது.

யாரோ சிரிக்கிறார்கள், அல்லது ஒரு சொல் தவறி விழுகிறது

சங்கடம் வேறு, அவமதிப்பு வேறு. தன் கருத்து கேள்விக்கு உள்ளாகும்போது வருவது சங்கடம். அதை வகுப்பு தாங்க வேண்டும். ஒருவருடைய பிறப்பையோ உடலையோ பேச்சையோ குத்துவது அவமதிப்பு. அதை ஒரு நொடிகூடத் தாங்கக் கூடாது. அந்த நேரத்தில் நமக்கும் வாய் குழறும் என்பதால் வாக்கியங்களை முன்பே எழுதி வைத்திருக்கிறேன். “அந்தச் சொல்லை இங்கே நிறுத்துகிறோம். கருத்து இருந்தால் வேறு சொல்லில் சொல்.” குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, பேச்சை இழந்தவரிடமே திரும்புங்கள்: “நீ பாதியில் விட்டாய். தொடர்கிறாயா, பிறகு சொல்கிறாயா?” இரண்டில் எதுவும் அவர் விருப்பம். சொன்னவரோடு பேசுவது வகுப்புக்குப் பிறகு, தனியாக. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அது விவாத விதிக்கு அப்பாற்பட்டது. அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சிரிப்பு பெரும்பாலும் பேச்சு வழக்கின் மேல்தான் வருகிறது. நன்றாக யோசிக்கும் பிள்ளை, மேடைத் தமிழ் வராது என்பதற்காகவே அடங்கிவிடுகிறது. வகுப்பில் பேச வீட்டுத் தமிழ் போதும், தேர்வுத் தாளில் எழுத்துத் தமிழ் வேண்டும் என்று முதல் வாரமே பிரித்துச் சொல்லிவிடுங்கள். நீங்களும் அப்படியே பேசிக் காட்டுங்கள்.

விதிகள் சுவரில் இருக்கின்றன. யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை

என் முதல் அட்டையில் பன்னிரண்டு விதிகள் இருந்தன. பன்னிரண்டும் “கூடாது” என்று முடிந்தன. பிள்ளைகளுக்கு அவை என் கையெழுத்தாகவே தெரிந்தன.

இப்போது ஜூன் மாதத்தில் விதியே எழுதுவதில்லை. இரண்டு வாரம் பேச விடுகிறேன். பிறகு பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விகள்: “எப்போது பேச நினைத்துப் பேசாமல் இருந்தாய்? என்ன நடந்திருந்தால் பேசியிருப்பாய்?” அந்தச் சீட்டுகளிலிருந்து, பிள்ளைகள் எழுதிய சொற்களிலேயே ஐந்து விதிகளை வகுப்பு தேர்ந்தெடுக்கிறது. சென்ற ஆண்டு வந்தவற்றில் ஒன்று: “பாதியில் திக்கினால் எடுத்துக் கொடுக்காதே, காத்திரு.” எந்தப் பயிற்சி ஏட்டிலும் நான் காணாத விதி. அதை எழுதியது யாரென்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் விதிகளைப் பார்க்கிறோம். எது நடக்கிறது, எது நடக்கவில்லை, யார் மீறினார்கள். மீறியவர் பட்டியலில் நானும் உண்டு. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “நீங்கள் மூன்று நொடி பொறுப்பதே இல்லை, டீச்சர்” என்று நேராகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். விதி பிடித்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாடப்பகுதி முடியவில்லை

உண்மையான சிக்கல், பொதுத்தேர்வு இருக்கிறது. நான் எல்லாப் பாடத்துக்கும் விவாதம் வைப்பதில்லை. பருவத்துக்கு நான்கு கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறேன். மற்ற நாட்களில் நாற்பது நிமிடப் பாடவேளையில் எட்டு நிமிடம்தான்: இரண்டு நிமிடம் எழுத, இரண்டு நிமிடம் பக்கத்தில் பேச, நான்கு நிமிடம் வகுப்போடு. விவாதித்த கேள்வியை அன்று மாலையே ஐந்து மதிப்பெண் விடையாக எழுதி வரச் சொல்கிறேன். காரணமும் மறுகாரணமும் கையிலேயே இருப்பதால் விடை தானாக நீள்கிறது.

தலைமையாசிரியர் வராந்தாவில் போகும்போது வகுப்பு சத்தமாகத் தெரியும். முன்கூட்டியே அவரிடம் நாளையும் கேள்வியையும் சொல்லி, ஒரு பத்து நிமிடம் உள்ளே வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள்.